ரேம் ஸ்லாட் ஃபுல்... பக்கத்து ஸ்லாட் காலி... அதுல மாட்டலாமா? லேப்டாப் விளம்பரங்கள் சொல்லாத ஒரு வரி

கம்ப்யூட்டர் ஸ்லோ. மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ரேம் ஸ்லாட்டும் ஃபுல். கொஞ்சம் கீழே, அதே மதர்போர்டில், நீளமாக ஒரு ஸ்லாட் சும்மா கிடக்கிறது. 'இதுலயும் ஒரு ரேமைச் செருகிட்டா என்ன?' கேஸைத் திறந்து பார்த்த பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். கேட்டால் சிரித்துவிடுவார்களோ என்று கேட்காமல் விட்டிருப்பார்கள்.

ஒரே வரியில் பதில் வேணும்னா: முடியாது. ரேம் ஸ்லாட் வேறு, எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் வேறு. டெஸ்க்டாப் ரேம் சுமார் 133 மில்லிமீட்டர் நீளம். மதர்போர்டிலேயே பெரிய எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டான எக்ஸ்16-ன் நீளம் 89 மில்லிமீட்டர்தான். அழுத்தினாலும் உள்ளே போகாது. போனாலும் வேலை செய்யாது.

ஆனா இந்தக் கேள்வியில் சிரிக்க எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இது முடிந்தது. இப்போது பெரிய டேட்டா சென்டர்களில் மறுபடியும் முடிகிறது. நடுவில் நம் வீட்டு மேஜையில் மட்டும் ஏன் முடியவில்லை என்று புரிந்துகொண்டால், அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். 'எத்தனை ஜிபி?' என்பது அந்தக் கேள்வி இல்லை என்பதுதான் என் கட்சி.

ரெண்டும் ஒண்ணா இருந்த காலம்

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் மதர்போர்டில் 16 முதல் 64 கிலோபைட் வரைதான் மெமரி. மெகாபைட் இல்லை, கிலோபைட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டில்தான் மெமரி கார்டை மாட்ட வேண்டும். பிரின்டருக்கான கார்டும் டிஸ்ப்ளேவுக்கான கார்டும் போகிற அதே ஸ்லாட். ஏஎஸ்டி என்ற நிறுவனத்தின் 'சிக்ஸ்பேக் பிளஸ்' கார்டு அந்த நாட்களின் ஹிட்: 384 கிலோபைட் வரை மெமரி, கூடவே கடிகாரம், பிரின்டர் போர்ட், சீரியல் போர்ட் எல்லாம் ஒரே அட்டையில். ஆக, 'காலி ஸ்லாட்டில் ரேம் போடலாமா' என்று 1983-ல் யாராவது கேட்டிருந்தால், 'அதுக்குத்தானே ஸ்லாட்டே இருக்கு' என்று பதில் வந்திருக்கும்.

பிறகு என்ன ஆனது? பிராசஸர் ஓட ஆரம்பித்தது, ஸ்லாட் நடந்துகொண்டே இருந்தது. 1986-ல் காம்பாக் நிறுவனம் 386 பிராசஸருடன் வெளியிட்ட டெஸ்க்டாப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், ஒரே நேரத்தில் 32 பிட் கையாளும். அன்றைய எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டோ சுமார் 8 மெகாஹெர்ட்ஸ், 16 பிட். மெமரியை அந்த ஸ்லாட்டிலேயே விட்டிருந்தால் பிராசஸர் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அதனால் மெமரிக்கு மட்டும் தனிப் பாதை போட்டார்கள். அன்று பிரிந்த இரண்டும் நம் வீட்டு கம்ப்யூட்டரில் இன்றுவரை சேரவில்லை.

அஞ்சறைப் பெட்டியும் அபார்ட்மென்ட் கேட்டும்

பலரும் இது வேக வித்தியாசம் என்றுதான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியாக வராது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 எக்ஸ்16 ஸ்லாட், ஒரு திசையில் மட்டுமே விநாடிக்கு சுமார் 32 ஜிபி கடத்தும். பைப்பின் அகலத்தில் ஸ்லாட் ஒன்றும் குறைந்தது இல்லை.

வித்தியாசம் இருப்பது, கேட்டதும் கிடைக்கிற நேரத்தில். அதைவிட முக்கியமாக, பேசுகிற முறையில்.

அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை யோசியுங்கள். கடுகு எந்தக் கிண்ணத்தில் என்று கைக்கே தெரியும். யாரிடமும் கேட்க வேண்டாம், கண்ணால்கூட பார்க்க வேண்டாம். ரேம் அப்படித்தான். அதற்கென்று மூளை கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், 'இந்த வரிசையைத் திற, இந்த இடத்தில் உள்ளதைக் கொடு' என்று நானோ விநாடி கணக்கில் நேரடியாக உத்தரவு போடும். 64 டேட்டா கோடுகளில் ஒரே நேரத்தில் பதில் வர வேண்டும். மதர்போர்டில் பிராசஸருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவில் சிக்குக் கோலம் போல வளைந்து வளைந்து சில கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது டிசைன் இல்லை. எல்லாக் கோட்டின் நீளமும் ஒத்துப்போனால்தான் சிக்னல்கள் ஒன்றாக வந்து சேரும். அதற்காக, குறுகிய தூரத்தில் இருக்கும் கோட்டை வேண்டுமென்றே சுற்றவிடுகிறார்கள். போதாததற்கு, ரேமில் இருப்பது தானாகவே மறைந்துவிடும் தன்மை கொண்டது. டிடிஆர்4 ரேமில் ஒவ்வொரு வரிசையையும் வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையும் கன்ட்ரோலருடையதுதான்.

எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் அபார்ட்மென்ட் கேட் மாதிரி. வருகிறவர் பெயர், பிளாட் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். பிசிஐ எக்ஸ்பிரஸில் டேட்டா பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கார்டும் மதர்போர்டும், 'உனக்கு எத்தனை லேன்? எந்த வேகம்?' என்று பேசி ஒரு உடன்பாட்டுக்கு வருகின்றன. இதற்கு கார்டில் பதில் சொல்ல ஆள் வேண்டும், அதாவது ஒரு சிப். வெறும் ரேம் குச்சியில் அந்த ஆள் இல்லை. கேட்டில் நின்று வாட்ச்மேன் கேட்கிற கேள்விக்கு அஞ்சறைப் பெட்டி என்ன பதில் சொல்லும்?

இந்த ஒரு வித்தியாசம்தான் கம்பேட்டிபிலிட்டி விஷயத்தில் இரண்டு ஸ்லாட்டுக்கும் இரண்டு குணத்தைக் கொடுத்திருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தாராள மனசு. பேசி முடிவெடுக்கிறவர்கள் இல்லையா? 5.0 கார்டை 3.0 ஸ்லாட்டில் மாட்டினால் 3.0 வேகத்தில் வேலை செய்யும். சின்ன எக்ஸ்1 கார்டை நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில் தாராளமாக மாட்டலாம். ரேமில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் டெஸ்க்டாப்பில் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு, அதாவது நாட்ச், இடம் மாறியிருக்கும். அது உற்பத்தியாளர் செய்த சதி என்று திட்டுபவர்கள் உண்டு. உண்மையில் அது நம்மைக் காப்பாற்றும் வெட்டு. டிடிஆர்4 ரேம் 1.2 வோல்ட்டில் ஓடும். மின்சாரத்தைச் சீராக்கும் வேலை மதர்போர்டுடையது. டிடிஆர்5-ல் அந்த வேலையைச் செய்யும் சிப் ரேம் குச்சியிலேயே இருக்கிறது, சிப்கள் ஓடுவது 1.1 வோல்ட்டில். மாற்றி மாட்ட முடிந்திருந்தால், பவர் பட்டனை அழுத்திய அடுத்த நொடி இரண்டில் ஒன்று போயிருக்கும்.

திட்ட வேண்டிய இடம் வேறு. 2021-ல் வந்த இன்டெல் 12-ம் தலைமுறை பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போர்டு அநேகமாக இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே மாடல் பெயரில் இரண்டு போர்டு விற்றார்கள். ஒன்றின் பெயர்க் கடைசியில் மட்டும் 'டி4' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ரிட்டர்ன் பாலிசியைத் தேடிப் படிக்க வேண்டியதுதான். எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டிலும் இதே மாதிரி ஒரு வேலை உண்டு. பார்க்க எக்ஸ்16 நீளம் இருக்கும், உள்ளே வயர் போட்டிருப்பது நான்கு லேனுக்கு மட்டும். 16 படிக்கட்டு கட்டி, நாலில் மட்டும் கல் பதித்த மாதிரி. மேனுவலின் ஏதோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

'மெமரி' என்ற ஒரு வார்த்தை

தமிழில் நாம் இன்னொரு குழப்பமும் செய்து வைத்திருக்கிறோம். 'போன்ல மெமரி ஃபுல்' என்று சொல்லும்போது நாம் சொல்வது ரேமை இல்லை, ஸ்டோரேஜை. மெமரி கார்டு என்பதும் ஸ்டோரேஜ்தான். ஆனால் கம்ப்யூட்டர் உலகில் மெமரி என்றால் ரேம். இந்த இடைவெளியில்தான் விளம்பரக்காரர்கள் நுழைகிறார்கள்.

2017-ல் இன்டெல் 'ஆப்டேன் மெமரி' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 16 ஜிபி, 32 ஜிபி அளவில் சின்ன அட்டை. மாட்டுவது ரேம் ஸ்லாட்டில் இல்லை, எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டில். வேலை, மெதுவான ஹார்ட் டிஸ்க்கை வேகப்படுத்துவது. பெயரில் மட்டும் மெமரி! 4 ஜிபி ரேமும் 16 ஜிபி ஆப்டேனும் இருந்த லேப்டாப்பை '20 ஜிபி மெமரி' என்று கூட்டிச் சொல்லி விற்ற விளம்பரங்கள் அமெரிக்கக் கடைகளில் வந்தன. கூட்டல் கணக்கு சரிதான். கூட்டக் கூடாததைக் கூட்டியதுதான் தவறு. 2019-ல் நிஜமாகவே ரேம் ஸ்லாட்டில் மாட்டும் ஆப்டேனும் சர்வர்களுக்காக வந்தது. அதற்கென்று ஆதரவு இருந்த குறிப்பிட்ட ஜியான் பிராசஸர்களில் மட்டும் வேலை செய்தது. 2022-ல் ஆப்டேன் கடையையே இன்டெல் மூடிவிட்டது.

இதே கூட்டல் இன்று நம் போனில் நடக்கிறது. '8 ஜிபி + 8 ஜிபி ரேம்' என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இரண்டாவது 8 ஜிபி ரேமே இல்லை. ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கியது. ரேமில் கேட்டது கிடைக்க சுமார் 100 நானோ விநாடி ஆகும் என்றால், ஃபிளாஷ் ஸ்டோரேஜில் அதைப் போலப் பல நூறு மடங்கு ஆகும். பின்னணியில் தூங்கும் ஆப்களை ஒதுக்கி வைக்கப் பயன்படும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியின் மேல் '16' என்று பெரிதாக அச்சடிக்க அது போதும்.

காலி ஸ்லாட்டில் ரேம் மாட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005-ல் கிகாபைட் நிறுவனம் 'ஐ-ரேம்' என்று ஒரு பிசிஐ கார்டு கொண்டு வந்தது. அதன் மேல் நான்கு டிடிஆர் ரேம் ஸ்லாட். ஆஹா, கிடைச்சாச்சு என்று நினைக்காதீர்கள். பிசிஐ ஸ்லாட்டில் இருந்து அது கரன்ட் மட்டும்தான் எடுத்துக்கொண்டது. டேட்டா எல்லாம் சாட்டா கேபிள் வழியாகத்தான். அதாவது ரேமால் ஆன ஒரு ஹார்ட் டிஸ்க். அதிகபட்சம் 4 ஜிபி, கரன்ட் போனால் டேட்டா போய்விடாமல் இருக்க ஒரு பேட்டரி. ஐடியா பிரமாதம். எஸ்எஸ்டி விலை இறங்கியதும் அதற்கு வேலை இல்லாமல் போனது.

நிஜமான தீர்வு வந்தது 2019-க்குப் பிறகு. சிஎக்ஸ்எல் என்ற தொழில்நுட்பம், பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0-ன் அதே வயரிங் மேல், மெமரிக்கான தனி மொழியைப் பேசுகிறது. கார்டில் ஒரு கன்ட்ரோலர் சிப்பும் நிறைய ரேமும் இருக்கும். கம்ப்யூட்டர் அதை மெமரியாகவே பார்க்கும். சாதாரண ரேமைவிடத் தாமதம் கூடத்தான், ஆனால் எஸ்எஸ்டியோடு ஒப்பிடவே முடியாது. 2022 முதல் சர்வர் பிராசஸர்களில் இதற்கு ஆதரவு வரத் தொடங்கியது. நம் வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்னும் அந்த வழி திறக்கவில்லை. ஸ்லாட் 5.0 ஆக இருந்தால் மட்டும் போதாது, பிராசஸருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்

இவ்வளவு நேரம் பேசியது ஸ்லாட் இருக்கிறவர்களின் பிரச்னை. இன்று வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்திலோ இஎம்ஐயிலோ நாம் வாங்குவது டெஸ்க்டாப் இல்லை, லேப்டாப். மெலிசான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் ஸ்லாட்டே கிடையாது. ரேம் சிப்களை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். 2020-ல் வந்த எம்1 சிப் முதல் ஆப்பிளின் மேக்புக்குகளில் ரேம், பிராசஸர் பேக்கேஜிலேயே இருக்கிறது. வாங்கும் நாளில் 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபி.

இதில் நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகத்தில் ஓடும். ஆனால் வயர் ரொம்பக் குட்டையாக இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். 'எல்லாத்தையும் நீங்களே கழற்றி மாட்டிக்கலாம்' என்பதையே தன் அடையாளமாக வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் நிறுவனம்கூட, 2025-ல் அறிவித்த டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர் செய்துதான் தந்தது. கழற்றும் வடிவில் கொடுத்தால் அந்த ஏஎம்டி சிப்பின் முழு வேகம் கிடைக்காது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த வெளிப்படைத்தன்மைக்கு என் மரியாதை.

ஆனா எல்லா சால்டருக்கும் இயற்பியல்தான் காரணம் என்று சொன்னால் நம்ப முடியாது. சாதாரண டிடிஆர்4 ரேமை சால்டர் செய்து விற்ற பட்ஜெட் லேப்டாப்கள் எத்தனை! அங்கே இருந்தது செலவுக் கணக்கும், 'பத்தலைன்னா புதுசு வாங்கட்டும்' என்ற கணக்கும்தான் என்பது என் கருத்து. மாற்று வழியும் வந்துவிட்டது. கேம்2 என்ற புது வடிவத்துக்கு, ரேம் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மெலிசான தகடு போல இருக்கும், ஸ்க்ரூ போட்டு மாட்டலாம், எல்பிடிடிஆர் வகையையும் ஏற்கும். 2024-ல் லெனோவாவின் விலை உயர்ந்த திங்க்பேட் மாடல் ஒன்றில் வந்தது. நாம் வாங்கும் விலையில் உள்ள லேப்டாப்புக்கு அது எப்போது இறங்கி வரும் என்பதுதான் கேள்வி.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. பழைய மெஷினைத் தூக்கிப் போடுவதா, ரேம் ஏற்றி ஓட்டுவதா என்ற கேள்வி பல வீடுகளுக்கு வந்தது. சரியாக அதே சமயத்தில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், நாம் கடையில் வாங்கும் 'குரூஷியல்' ரேம் வியாபாரத்தில் இருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு காலி ஸ்லாட் என்பது வெறும் பிளாஸ்டிக் இல்லை. இன்று 8 ஜிபியோடு வாங்கி, விலை இறங்கும்போது இன்னொரு 8 சேர்த்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு. ஸ்லாட் இல்லாதவர், தேவைப்படுமோ இல்லையோ, இன்றைய விலையிலேயே 16 வாங்கியாக வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், இந்தத் தகவல் ஏன் பெட்டியின் மேல் இல்லை? எம்ஆர்பி, தயாரித்த மாதம், புகார் செய்ய வேண்டிய முகவரி எல்லாவற்றையும் பேக்கேஜில் அச்சிட வேண்டும் என்று இந்தியாவில் விதி இருக்கிறது. 'ரேம் ஸ்லாட்: 1, காலி: 0, உச்சவரம்பு: 16 ஜிபி' என்று இன்னொரு வரி சேர்க்க எத்தனை மை செலவாகிவிடும்? பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் உள்ளிட்ட பொருட்களுக்கு, ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு போர்ட்டலும் வந்தது. மதிப்பெண் முறை பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பேச்சு பெரும்பாலும் மொபைலைச் சுற்றியே இருக்கிறது. லேப்டாப்பையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ரிப்பேரோடு நிறுத்தாமல் ரேம் ஏற்ற முடியுமா என்பதையும் ஒரு வரியாக வைக்க வேண்டும். 'கஸ்டமருக்கு இதெல்லாம் புரியாது' என்பது சாக்கு. மெகாபிக்சலும் எம்ஏஹெச்சும் புரிந்த கஸ்டமருக்கு ஸ்லாட் எண்ணிக்கை புரியாதா?

அதுவரை வேலை நம் தலையில்தான். ரிச்சி ஸ்ட்ரீட் கடையோ ஆன்லைனோ, லேப்டாப் வாங்கும் முன் 'ரேம் சால்டரா, ஸ்லாட்டா, ரெண்டும் கலந்ததா?' என்று கேளுங்கள். கலந்தது என்றால், 8 ஜிபி சால்டர் செய்து ஒரு ஸ்லாட் காலியாக விட்ட மாடல்கள் நல்ல பேரம்தான். அதில் இன்னொரு 8 போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடும். 16 போட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஜோடி சேராமல் மிஞ்சும் 8 மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடும். கடைக்காரர் தயங்கினால் மாடல் நம்பரை வாங்கி, நிறுவனத்தின் சைட்டில் முழு ஸ்பெக் ஷீட்டைப் பாருங்கள். 'சோடிம்' என்று இருந்தால் ஸ்லாட், 'ஆன்போர்டு' என்று இருந்தால் சால்டர்.

ஏற்கெனவே கையில் இருக்கும் லேப்டாப்புக்கு ரேம் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று கீழே காட்டும். அதற்குப் பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியும் இருக்கும். அதில் சோடிம் என்று இருந்தால், டிடிஆர்4-ஆ 5-ஆ என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அநேகமாக சால்டர். தனியாக ஒரு ஸ்லாட் இருக்கிறது என்று ஸ்பெக் ஷீட்டில் உறுதியாகும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.